பேருந்து ஓடுகிறது, வரைபடத்தில் இல்லையே? – சுற்றுலா கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சுற்றுலாப் பகுதிக்கு நாள் முழுக்கப் பேருந்து உண்டு. ஆனால் செல்போன் வரைபடத்தில் தேடினால் காட்டுவதே இல்லை. அதனால் எல்லோரும் காரில்தான் வருகிறார்கள். என்ன வழி?

பதில்: சுற்றுலாவால் வெளியாகும் கார்பனில் பெரும்பங்கு போக்குவரத்தால்தான் வருகிறது. ஆகவே மின்சாரம் சேமிக்கப் பல்பு மாற்றுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். பேருந்து நேரங்களை வரைபடச் செயலிகள் ‘ஜிடிஎஃப்எஸ்’ என்ற பொது வடிவத்தில் பெற்றுக்கொள்கின்றன. நிறுவனம், நிறுத்தங்கள், வழித்தடங்கள், பயணங்கள், நிறுத்த நேரங்கள், ஓடும் நாட்கள் என ஆறு உரைக் கோப்புகளை ஒரே ஜிப்பாக்கினால் அடிப்படை முடிந்தது. சில வழித்தடங்கள்தான் என்றால் எக்செல் போன்ற விரிதாளிலேயே தயாரிக்கலாம். தமிழ் எழுத்துகள் சிதையாமலிருக்க, கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். பேருந்தை இயக்கும் நிறுவனத்தின் ஒப்புதலோடு செய்யுங்கள்.

நிறுத்தத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அந்த இடத்தில் நின்றே குறியுங்கள். எதிர்த்திசை நிறுத்தத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். இல்லையென்றால் பயணி சாலையின் மறுபக்கம் நின்று வண்டியைத் தவறவிடுவார். நள்ளிரவுக்குப் பின்னும் தொடரும் பயணத்தில் 1.10 மணி நிறுத்தத்தை 25:10:00 என்று எழுத வேண்டும். 01:10:00 என்றால் வண்டி காலத்தில் பின்னோக்கிப் போனதாகக் கணக்காகும். ஓடும் நாட்களைக் குறிக்கும் நாட்காட்டிக் கோப்பில் முடிவுத் தேதி கடந்துவிட்டால் பேருந்து தேடலிலிருந்து மறைந்துவிடும். அடிக்கடி நடப்பது இதுதான். தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பியுங்கள்.

நிறுத்தங்கள் கோப்பில் சக்கர நாற்காலிக்கென ஒரு நெடுவரிசை உண்டு: ஏற முடியும் என்றால் 1, முடியாது என்றால் 2. காலியாக விட்டால் ‘தகவல் இல்லை’ என்று பொருள். ‘முடியாது’ என்பதும் பயனுள்ள தகவலே, ஒருவர் வீணாக வந்து திரும்புவதை அது தடுக்கும். தயவுசெய்து காலியாக விடாதீர்கள்.

கேள்வி: விடுதி வாசலில் சாய்தளம் கட்டியும் சக்கர நாற்காலியில் வருபவர்களால் தனியே ஏற முடியவில்லை. ஏன்?

பதில்: சரிவு அதிகமாக இருக்கும். உயரம் 1 என்றால் நீளம் 12 வேண்டும். 15 செ.மீ. படி இரண்டு இருந்தால் உயரம் 30 செ.மீ.; சாய்தளம் 3.6 மீட்டர் நீளம். இடமில்லை என்று ஒன்றரை மீட்டரில் முடித்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும் அபாயம் உண்டு. நேராக இடமில்லாவிட்டால் நடுவில் 1.5 மீட்டர் சதுரச் சமதளம் விட்டுத் திருப்புங்கள். சாய்தளத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதே அளவு சமதளம் வேண்டும். வழவழப்பான டைல்ஸ் கூடாது.

குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. கதவைத் திறந்து வைத்து, உண்மையில் கிடைக்கும் இடைவெளியை அளந்து, அந்த எண்ணைப் படத்தோடு முன்பதிவுப் பக்கத்தில் போடுங்கள். ‘மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது’ என்ற ஒரு வரியை நம்பி யாரும் பயணம் கிளம்ப முடியாது. நாற்காலிக்கு நாற்காலி அகலம் வேறு.

கேள்வி: நடைபாதைப் பலகைகளில் ஒட்டிய க்யூஆர் குறியீடுகள் வேலை செய்வதில்லை.

பதில்: படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது குறியீட்டின் அகலம் இருக்க வேண்டும்; 1 மீட்டருக்கு 10 செ.மீ. சுற்றிலும், குறியீட்டில் உள்ள சிறு கட்டங்கள் நான்கின் அளவு வெற்றிடம் விடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வெயிலில் கூசும், பளபளப்பில்லாத மேட் வகை போடுங்கள். குறியீட்டை உருவாக்கும்போது பிழை திருத்த அளவை ‘எச்’ (மிக உயர்ந்த அளவு) என்று வைத்தால் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். இலவச இணைப்புச் சுருக்கிகள் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்பதால் சொந்த இணைய முகவரியையே கொடுங்கள். பார்வையற்றவர் தடவிக் கண்டுபிடிக்கக் குறியீட்டைச் சுற்றி மேடான விளிம்பு வேண்டும், எல்லாப் பலகையிலும் ஒரே உயரத்தில். சிக்னல் இல்லாத இடத்தில் முக்கியத் தகவலைப் பலகையிலேயே அச்சிட்டுவிடுங்கள்.