ஒரே கிதார் போதுமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் பாலக்காட்டில் நண்பர்களுடன் விம் வெண்டர்ஸின் 'பாரிஸ், டெக்சாஸ்' பார்த்தேன். படம் பிடித்திருந்தது. இசைதான் உறுத்தியது. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கிதார், ஏறக்குறைய ஒரே மெட்டு. நண்பர்களோ அதைத்தான் தூக்கிவைத்துப் பேசினார்கள். நாம் எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனைக் கேட்டு வளர்ந்தவர்கள். சோகம், கேலி, பக்தி, கொண்டாட்டம் என்று ஒரே படத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வைத்தவர் அவர். ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு கலைஞரிடமோ இசைக்குழுவிடமோ முழுப் படத்தையும் ஒப்படைத்துவிடுவது இயக்குநரின் சோம்பல் இல்லையா? ஆல்பம் விற்கும் உத்தி என்றுகூடத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் யாராவது இப்படிச் செய்து அது உருப்பட்டிருக்கிறதா?

ச.,
கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ச.,

ஆல்பம் விற்கும் உத்தி என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. 1989-இல் 'பேட்மேன்' படம் வந்தபோது அமெரிக்கப் பாப் பாடகர் பிரின்ஸ் அந்தப் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டார். அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. ஆனால் படத்தைச் சுமந்தது டேனி எல்ஃப்மனின் ஆர்கெஸ்ட்ரா இசை. பிரின்ஸின் பாடல்கள் ஜோக்கர் ஆட்டம் போடும் இடங்களில் தலைகாட்டிவிட்டுப் போகின்றன. பிரின்ஸ் பெரிய கலைஞர், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தக் குரல் படத்தில் யாருடையது? கேட்டால் பதில் கிடைக்காது.

இந்தக் கேள்வியோடு நீங்கள் பார்த்த படத்துக்கு வாருங்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் பாலைநிலத்தில் நடந்து வருகிறான். கையிலிருக்கும் தண்ணீரின் கடைசி மடக்கையும் குடித்துவிட்டு மீண்டும் நடக்கிறான். வெகுநேரம் வாய் திறப்பதில்லை. உடன்பிறந்தவன் தேடிவந்து அழைத்துப்போகும்போதும் பேச்சில்லை. அவ்வளவு நேரமும் நாம் கேட்பது ரை கூடரின் கிதார். விரலில் மாட்டிய குழலைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. நம் கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த இழைவு அந்நியமாக இருக்காது. ஒரு சுரத்தில் நிற்காமல் அடுத்ததற்கு நகர்ந்து, நடுவிலேயே தேய்ந்து போகும்.

அந்த மெட்டு கூடர் புதிதாகக் கட்டியதுமல்ல. டெக்சாஸ்காரரான பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற பார்வையற்ற பக்திப் பாடகர் 1927-இல் பதிவுசெய்த ஓர் இசைத்தட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பதிவைத் தேடிக் கேளுங்கள். ஜான்சன் அதில் ஒரு சொல்கூடப் பாடுவதில்லை. கிதார் போகும் வழியிலேயே முனகிக்கொண்டு போகிறார். பேச மறுக்கும் ஒரு மனிதனின் கதைக்குச் சொல்லே இல்லாத ஒரு புலம்பலைக் கூடர் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதைச் சோம்பல் என்று என்னால் ஏற்க முடியாது. காட்சிக்குக் காட்சி வாத்தியம் மாறியிருந்தால் நாம் இசையமைப்பாளரின் கெட்டிக்காரத்தனத்தைத்தான் கவனித்திருப்போம். மாறாததனால்தான் அந்தக் கிதார் அவனுடைய குரலாகிறது.

படத்தைப் பார்த்து வாசித்தால்தான் இது கூடிவரும் என்றும் இல்லை. ராபர்ட் ஆல்ட்மன் 1971-இல் எடுத்த 'மெக்கேப் அண்ட் மிசஸ் மில்லர்' படத்துக்கு, பாடகர் லெனர்ட் கோஹன் 1967-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பாடல்களையே எடுத்து வைத்தார். பனியும் சேறுமான அந்தச் சுரங்க ஊருக்காகவே எழுதியவை என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள்.

நம் பக்கத்தில் என்று கேட்டீர்கள். பலருக்கும் உடனே நினைவு வருவது குன்னக்குடி வைத்தியநாதன். வயலினுக்காக ஊரே கொண்டாடிய கலைஞர், படங்களுக்கும் இசையமைத்தார். 1972-இல் வந்த 'தெய்வம்' ஒன்று போதும். மருதமலை நமக்கு மிக அருகில் என்பதாலோ என்னவோ, மதுரை சோமு பாடிய 'மருதமலை மாமணியே' எல்லைக்கு இந்தப் புறத்திலும் கோயில் ஒலிபெருக்கிகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் வகையில் அது சேராது. சோமுவுக்கு ஒரு மெட்டு, பெங்களூர் ரமணி அம்மாளுக்கு வேறு, பித்துக்குளி முருகதாஸுக்கு இன்னொன்று என்று அவரவர் பாணிக்கு இடம் கொடுத்து குன்னக்குடி முழு இசையமைப்பாளராக நின்றிருக்கிறார். அது விஸ்வநாதன் செய்த வேலையின் இனம்.

நீங்கள் சொல்லும் வகைக்கு மிக அருகில் வருவது '96' (2018) என்று நினைக்கிறேன். கோவை வானொலியையும் திருச்சூர் வானொலியையும் மாற்றி மாற்றிக் கேட்டு வளர்ந்த நம் எல்லைப்புற வீடுகளுக்கு அது இரண்டு பக்கமும் உறவுள்ள படம். இசையமைத்த கோவிந்த் வசந்தா, தைக்குடம் பிரிட்ஜ் என்ற கேரள இசைக்குழுவின் வயலின் கலைஞர். குழுவின் மேடை ஆர்ப்பாட்டம் எதையும் அவர் படத்துக்குள் கொண்டுவரவில்லை. வயலினை மட்டும் முன்னால் வைத்தார். நாயகன் ராம் வாய்விட்டுச் சொல்லாத அத்தனையும் அந்த வயலினில் இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாயகி ஜானு பள்ளியில் பாடுவதெல்லாம் இளையராஜா காலத்துப் பாடல்கள். இவ்வளவு ஆண்டுகளாக ராம் கேட்டுக்கேட்டு அலுத்துப்போன வேண்டுகோள் 'யமுனை ஆற்றிலே'. மின்சாரம் போன வீட்டில் கடைசியில் அவள் அதைத் தொடங்கும்போது வெறும் குரல்தான். வேறொரு இசையமைப்பாளராக இருந்தால் அந்த இடத்தில் தன் கொடியை நட்டிருப்பார். கோவிந்த் ஒதுங்கி நிற்கிறார். படம் முழுக்க ஒரே கலைஞரின் வாத்தியம் ஒலிக்கும்போது, அது எங்கே ஒலிக்கக் கூடாது என்பதை அவரே அறிந்திருக்க வேண்டும். மற்ற எந்தத் திறமையையும்விட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கு எனக்குத் தெரிந்த உச்சம் சத்யஜித் ராயின் வங்காளப் படமான 'பதேர் பாஞ்சாலி' (1955). ரவிசங்கர் அப்போதே பெயர்பெற்ற சிதார் கலைஞர். கச்சேரிகளுக்கு நடுவே ஒரே இரவில் அமர்ந்து படத்தின் இசையைப் பதிவுசெய்தார். நேரம் போதாமல் ஒரு பகுதிக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவே சிதார் வாசித்தார். ஊர்சுற்றித் திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்காக வாங்கிவந்த புடவையை எடுத்துக் காட்டுகிறான். அதைக் கையில் வாங்கிய தாய் சர்பஜயா உடைந்து போகிறாள். அவளுடைய அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத் தார் ஷெனாயின் மேல்ஸ்தாயி கேட்கிறது. பெயரைப் பார்த்து ஊதுகுழல் என்று நினைத்துவிடாதீர்கள், வில்லால் இழைக்கும் நரம்பு வாத்தியம். படத்தின் மிகப்பெரிய துயரம் வரும்போது ரவிசங்கர் தன் சிதாரைக் கீழே வைத்துவிட்டார்.

விஸ்வநாதனையும் கூடரையும் எதிரெதிராக நிறுத்தவே தேவையில்லை, ச. நம் படங்களில் நாயகன், நாயகி, நகைச்சுவை நடிகர், கோயில் பாடகர் என்று ஒவ்வொருவரும் முறைவைத்துப் பாடினார்கள். அத்தனை பேருக்கும் குரல் கொடுக்க ஒரே மனிதருக்குள் அத்தனை நிறம் இருந்தாக வேண்டும். எலப்புள்ளிக்காரருக்கு இருந்தது. ஒற்றை மனிதன் நடந்துகொண்டே இருக்கும் படத்துக்கு அந்தத் தேவை கிடையாது.

நண்பர்களிடம் அடுத்ததாக 'பதேர் பாஞ்சாலி'யைப் போடச் சொல்லுங்கள். நல்ல ஒலிபெருக்கி இருக்கும் அரங்கமாகப் பாருங்கள். கைப்பேசியில் கேட்டால் தார் ஷெனாய் வெறும் கீச்சொலியாகத்தான் வரும். பார்த்துவிட்டு, அந்தப் புடவைக் காட்சி பற்றி மட்டுமாவது எழுதுங்கள்.

அன்புடன்.