நிச்சயமான பெண் போட்டோவில் ஒரு மாதிரி, நேரில் ஒரு மாதிரி இருக்கிறார். மேக்கப் போடுவது ஏமாற்று இல்லையா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: தரகர் கொடுத்த போட்டோவில் பெண் நல்ல சிவப்பு, நேரில் மாநிறம். நிச்சயத்தன்று மேக்கப்பில் மூன்றாவதாக ஒரு முகம். பெண்ணுக்குத் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறார். ‘ஒருநாள் மேக்கப் இல்லாமல் வரச் சொல்லிப் பார்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தருமபுரியில் 11 வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் வரும் மாதங்களில் மணப்பெண் அலங்காரம்தான் வேலை. உங்கள் கேள்வியைப் படித்தபோது ‘ஏமாற்று’ என்ற சொல்லைக்கூடக் கடந்துவிட்டேன். ‘வாயைப் பொத்திக்கொண்டு’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் போட்டோ.

ஜாதகத்தோடு கொடுக்கிற போட்டோ பெண்ணின் கையில் இருப்பதே இல்லை. ஒரு முறை எனக்குத் தெரிந்த பெண்ணுக்கு அலங்காரம் செய்துவிட்டு அவளோடு ஸ்டுடியோவுக்கும் போனேன். படம் எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பையன், யாரும் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்க ஆரம்பித்தான். மூக்குத்திக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தையும் அழித்தான். “மச்சம் இருக்கட்டும்ணா” என்றாள் அவள். அவளுடைய அப்பா, “அவருக்குத் தெரியும், நீ சும்மா இரு கண்ணு” என்றார். மறுநாள் தரகர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கலர் ஏற்றியிருக்கலாம் என்றாராம். சேலை அண்ணியுடையது, நகை சித்தியுடையது, நிறம் அந்தப் பையன் கொடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வருகிறவர், ஏமாற்றியது அவள் என்று முடிவுகட்டினால் அது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கலர் பேச்சு கல்யாண வயதில் தொடங்குவதில்லை. எங்கள் பக்கம் பெண் குழந்தை பிறந்ததும் பார்க்க வருகிறவர்கள் காது மடலின் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பிறந்த குழந்தை சிவப்பாகத்தான் இருக்கும், பின்னால் வரப்போகும் நிறம் காதோரத்தில் தெரியும் என்பார்கள். “கறுப்பாத்தான் வருவா போல” என்று ஒருத்தர் சொன்னதும் அந்த வீட்டில் நகைக் கணக்கு ஆரம்பித்துவிடும். பெண் பிறந்தாலே பாரம் என்று நினைத்த மாவட்டம் எங்களுடையது. சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. இதை எழுதும்போதே எனக்கு வலிக்கிறது. ஆனால் கலர் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்று பழமொழி எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்கப் போகிற அன்று மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. எங்கள் தெருக் கடையில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அதைவிட எனக்குப் பயம் தருவது, டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கிவந்து பூசும் ட்யூப்கள். ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கலந்த மருந்து அது. மங்குக்குத் தோல் டாக்டர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. முகம் சீக்கிரமே பளிச்சென்று ஆகும், அதனால் விடமாட்டார்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டும் விற்பனை நின்றபாடில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஃபேஷியலுக்கு ஒரு பெண் வந்தாள். துப்பட்டாவை விலக்கினாள், கன்னம் இரண்டும் வெந்நீர் பட்டது மாதிரி இருந்தது. தண்ணீர் தொட்டாலே எரிகிறது என்றாள். க்ரீமை வாங்கிக் கொடுத்தது அவளுடைய அம்மா. நான் கை வைக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். முகூர்த்தத்தன்று அவளுக்கு மிகக் குறைவாகத்தான் மேக்கப் போட்டேன். அன்று மண்டபத்தில் ‘கல்யாணப் பொண்ணு மேக்கப்பே சரியில்லை’ என்று பேசிக்கொண்டார்கள்.

மேக்கப் எப்படிப் போடுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஐந்து மணிக்கு முகூர்த்தம் என்றால் இரண்டு மணிக்கு உட்கார வைப்போம். தாடை ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து ஷேடு மூன்றைக் கோடாக இழுப்பேன். இரண்டு கோடு தெரியும், ஒன்று தோலோடு கலந்து காணாமல் போகும். காணாமல் போகிறதே, அதுதான் அந்தப் பெண்ணின் ஷேடு. அதைப் போட்டால் முகமும் கழுத்தும் ஒன்றாக இருக்கும், களைப்பு மட்டும் மறையும். ஆனால் அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு யாராவது கதவைத் திறந்து வருவார்கள். “எங்க பையன் நல்ல செவப்பும்மா. பக்கத்துல நின்னா எடுப்பா இருக்கணும். இன்னும் ரெண்டு கோட்டு வெளுப்பாப் போடு.” மாநிறத்தின் மேல் வெளுத்த ஷேடைப் போட்டால் வீடியோ விளக்கில் முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போலிருக்கும். நான் மாட்டேன் என்பேன். அதனால் கைவிட்டுப்போன கல்யாணங்கள் இருக்கின்றன. இத்தனைக்கும் பெண்ணின் வாயிலிருந்து ‘வெளுப்பாப் போடுங்க’ என்று வருவது குறைவு. அவள் கண்ணாடியில் என்னைப் பார்ப்பாள், பிறகு கதவைப் பார்ப்பாள்.

நீங்கள் நிச்சயத்தன்று பார்த்த மூன்றாவது முகம் இப்படி வந்ததாகவே இருக்கும். யார் சொல்லிப் போட்டது என்று விசாரித்தால் உங்கள் வீட்டுப் பக்கமே ஆள் கிடைக்கலாம்.

சரி, இப்போது அந்தக் கை.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறைய ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறைக்குள் நெடுநாள் கிடக்கும் தண்ணீரில் அது கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு. அதற்கு மேலுள்ள போர் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, பல் ஈறுக்குள் உருவாகும்போதே அதன் மேல் பூச்சான எனாமல் கெட்டுவிடும். ஏறக்குறைய எட்டு வயதுக்குள் நடந்து முடியும் விஷயம். பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டோ மஞ்சளோ பழுப்புக் கோடோ இருக்கும். நாங்கள் ‘காவி’ என்போம். இது அழுக்கு இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.

எனக்கும் அந்தக் காவி உண்டு. பென்னாகரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. உப்பு, கரி, எலுமிச்சை, செங்கல் பொடி எல்லாம் போட்டு ஈறில் ரத்தம் வரத் தேய்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர் “பல்லு வெளக்கற பழக்கம் இல்லையா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து என் வலது கை வாய்க்குப் போனது.

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் குடும்பத்தில், பையனுக்கு அத்தை முறையான ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எங்க, சிரி கண்ணு பாக்கலாம்” என்றார். அவருக்குத் தெரிந்துதான் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும். என் அப்பா தரையைப் பார்த்தார். நான் சிரித்தேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைத்தான் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலோ எட்டுப் பவுன் போட்டு அனுப்ப இருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் சொன்னது: “எல்லாம் புடிச்சிருக்கு, பல்லுதான்…” அதற்கப்புறம் மூன்று குடும்பம் வந்தது. மூன்றும் அதே பதில்.

ஐந்தாவதாக வந்தவர்தான் என் கணவர். நல்லம்பள்ளி பக்கம். அவர் பல்லும் என் பல் மாதிரியேதான், ஒரு படி கூடவே காவி. அவருக்கும் எனக்கு முன்னால் நாலைந்து இடத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். “உங்களை யாராவது எங்கேயாவது சிரிக்கச் சொன்னார்களா?” என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் எல்லாப் படத்திலும் வாய்விட்டுச் சிரிக்கிறார். எனக்குப் பாதிப் படத்தில் கை வாயில் இருக்கிறது, மீதிப் படத்தில் உதடு இறுக்கியிருக்கிறது. இருவரும் குடித்தது ஒரே பாறைத் தண்ணீர். என்னைத்தான் சிரித்துக் காட்டச் சொன்னார்கள்.

2020-ல் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்தோமே, அப்போதுதான் வளர்ந்த பிறகு முதல்முறையாக பஸ்ஸில் கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன். என்னிடம் வரும் பெண்களில் மூன்று பேராவது இதையே சொல்லியிருக்கிறார்கள்.

என் ஆயா முகவாயிலும் கையிலும் பச்சை குத்தியிருப்பார். அவருக்குப் பல் எல்லாம் வெற்றிலைக் கறை. அவர் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது, யாரும் யார் பல்லையும் பார்க்கவில்லை. திருவிழா என்றால் விளக்குப் புகையில் மை பிடித்து, மஞ்சள் பூசிக் குளித்து, பூ வைத்துக்கொண்டு ஒரு ராணி மாதிரி கிளம்புவார். அலங்காரம் எனக்குப் பிடித்ததே அவரைப் பார்த்துத்தான். அழகு பண்ணிக்கொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை யாரிடமிருந்தும் பிடுங்கச் சொல்லமாட்டேன். பயந்துகொண்டு மறைப்பது வேறு. என் நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் இரண்டையும் பார்க்கிறேன். பயத்தோடு வருகிறவர்களின் காசிலும்தான் என் வீடு நடக்கிறது. அது என்னை உறுத்தாத நாள் இல்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. எங்கள் இரண்டு மாவட்டத்துக்குமாக ஜப்பான் நிதியுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்று இருக்கிறது. 2014-ல் பிறந்த என் அண்ணன் மகள் அந்தக் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அவள் முன்பல் முளைத்தபோது நானும் அண்ணியும் அவள் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தோம். வெள்ளையாக இருந்தது. அண்ணி அழுதுவிட்டார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மேக்கப் இல்லாமல் வரச் சொல்லிச் சோதிக்காதீர்கள். அதுவும் ‘எங்க, சிரி’ என்று கேட்பதுதான். பார்க்க வேண்டும் என்றால் அவர் வீட்டுக்குச் சாதாரண நாளில் அம்மாவோடு போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள், நீங்களும் வீட்டு உடுப்பில் போங்கள். அவர் வாயைப் பொத்தினால் ‘கையை எடு’ என்று சொல்லாதீர்கள். பார்வையைத் திருப்பவும் வேண்டாம், பேச்சைத் தொடருங்கள். அந்தக் கை என்றைக்கு இறங்கும் என்பது அவர் முடிவு. நேரில் பார்த்த மாநிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதை உங்கள் மனது என்று சொல்லி இப்போதே விலகுங்கள், ஏமாற்றினார்கள் என்று ஊரில் சொல்லாதீர்கள். அடுத்த வரன் வரும்போது அந்தச் சொல்லைத்தான் அவர் சுமக்க வேண்டியிருக்கும்.

பல்லுக்கு வைத்தியம் உண்டு. மேல் பூச்சை லேசாகத் தேய்த்தெடுப்பது, பல் நிறத்தில் பூச்சு வைப்பது, காவி அதிகமானால் மேலே மெல்லிய உறை ஒட்டுவது. பல் டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆனால் அந்தப் பேச்சை அவர் எடுக்கும்வரை நீங்கள் எடுக்காதீர்கள், கல்யாணத்துக்கு நிபந்தனையாக ஒருபோதும் வைக்காதீர்கள்.

கல்யாணத்தன்று அவருக்கு அலங்காரம் செய்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஆரஞ்சு, பழுப்பு லிப்ஸ்டிக் பல்லின் மஞ்சளை எடுத்துக் காட்டும், நீலம் கலந்த சிவப்போ மெரூனோ போட்டால் பல் வெளுப்பாகத் தெரியும். அப்புறம் போட்டோகிராபரிடம், ‘மேடம், பல் தெரியச் சிரிங்க’ என்று மேடையில் கத்த வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதை மணமகன் போய்ச் சொல்லி நான் இதுவரை பார்த்ததில்லை.