தைபேக்குக் குடிபோகும் குடும்பத்துக்கு: குளிரைவிட ஈரம்தான் பெரிய தொல்லை

கேள்வி: கணவருக்குத் தைபேயில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் மூன்று வயது மகளுடன் சென்னையிலிருந்து குடிபோகிறோம். "நம்ம ஊர் மாதிரிதான் இருக்கும், கவலையே வேண்டாம்" என்கிறார் அங்கே போய்வந்த ஒருவர். "குளிரில் நடுங்கிப் போவீர்கள், புயல் வேறு அடிக்கும்" என்கிறார் இன்னொருவர். எதை எடுத்துப் போக வேண்டும், போனதும் எதை முதலில் வாங்க வேண்டும்?

பதில்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஜூலையில் போயிருப்பார், இன்னொருவர் ஜனவரியில். தைவான் தீவின் நடுவே கடக ரேகை ஓடுகிறது. அதற்குத் தெற்கே இருக்கும் காவ்ஷியுங்கில் குளிர்காலம் வறண்டு, வெயிலோடு இருக்கும். வடகோடியில் இருக்கும் தைபே அப்படியில்லை. ஜூலை சராசரி 30 டிகிரி, ஜனவரி சராசரி 16 டிகிரி. கோடையைப் பற்றிச் சென்னைக்காரருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2020 ஜூலை 24 அன்று தைபேயில் 39.7 டிகிரி வரை போனது; அதைவிட மோசமான மே மாதங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோடையில் மதியம் இரண்டு மூன்று மணிக்கு இடி மழை கொட்டும், குடை கையில் இருக்கட்டும். அவ்வளவுதான்.

அந்த 16 டிகிரிதான் ஆளை ஏமாற்றும். அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று வீச ஆரம்பித்தால், மார்ச் வரை வானம் சாம்பல் நிறத்தில் தொங்கும். சென்னை மழைபோல ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. தூறல், தூறல், நாள் கணக்கில் தூறல். பக்கத்தில் இருக்கும் கீலுங் நகரத்துக்கு 'மழைத் துறைமுகம்' என்றே பெயர். வீடுகளில் ஹீட்டிங் வசதி கிடையாது. கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. வெளியே 12 டிகிரி என்றால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர்தான். 2016 ஜனவரியில் 4 டிகிரி வரை இறங்கியதும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், குளிரை ஒரு ஜாக்கெட் சமாளித்துவிடும். அங்கே உங்களை உண்மையில் படுத்தப்போவது ஈரம். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போய் இறங்கிய முதல் மாதமே, காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்று வாங்குங்கள். கட்டிலுக்கும் டிவிக்கும் முன்னால்.

அங்கே அதை 'ச்சூ ஷி ஜி' என்பார்கள். எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் வரிசையாக நிற்கும். காற்றை இழுத்து, குளிர்ந்த குழாய்மேல் ஓடவிட்டு, அதில் படியும் நீரை ஒரு தொட்டியில் சேர்க்கும். முதல் நாள் இரவு படுக்கையறையில் ஓட விட்டுவிட்டு, காலையில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் தளும்பும். அவ்வளவும் நீங்கள் தூங்கிய அறையின் காற்றிலும் மெத்தையிலும் இருந்தது. கூடவே சின்னதாக ஒரு ஈரப்பத மீட்டரும் வாங்கி வையுங்கள். 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 70-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும், மெத்தையில் தூசிப்பூச்சி பெருகும். குழந்தை விடாமல் தும்மினால் மருந்துப் பெட்டியைத் திறக்கும்போதே மீட்டரையும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. மழை மாதங்களில் துணி மூன்று நாளானாலும் காயாது, காய்ந்தாலும் ஒரு நாற்றம் அடிக்கும். சின்ன அறை ஒன்றில் கொடி கட்டி, துணியை இடைவெளி விட்டுப் போட்டு, இயந்திரத்தை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். காலையில் காய்ந்திருக்கும். இயந்திரம் விடும் சூட்டில் அறையும் கொஞ்சம் கதகதப்பாகும்.

இதை ஊரிலிருந்து வாங்கிப் போகலாமா என்று கேட்காதீர்கள். அங்கே மின்சாரம் 110 வோல்ட். நம்முடைய 230 வோல்ட் மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் எதுவும் அங்கே ஒழுங்காக ஓடாது. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போய், அது முனகுவதைப் பார்த்துவிட்டு அலமாரியில் ஏற்றிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: 110 வோல்ட்டில் 1,500 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்கும். ஹீட்டரையும் டீஹியூமிடிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருக வேண்டாம்.

வீடு பார்க்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். கட்டடங்களின் ஈரத்தைப் பார்ப்பதே என் தொழிலாக இருந்ததால், வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் மோந்து பார்ப்பேன். பழைய புத்தக வாடை வந்தால் உஷார். அப்புறம் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியை ஒரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள். பின்னால் பெயின்ட் கொப்பளித்து, விரலால் தொட்டால் உப்புப்போல வெள்ளைத் தூள் உதிர்கிறதா? அங்கே அதற்கு 'பீ ஐ' என்று பெயர், அதாவது சுவர்ப் புற்று. சுவருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேலே எத்தனை முறை வெள்ளையடித்தாலும் திரும்ப வரும். அந்த ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் வீட்டுக்காரர் சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும். மொட்டை மாடியில் தகரம் போட்டுக் கட்டிய அறைகள் வாடகை குறைவு என்று ஆசை காட்டும். கோடையில் அடுப்பு, மழையில் ஒழுகல். குழந்தையோடு வேண்டாம். குளியலறைக்கு ஜன்னல் இருக்கிற வீடாகத் தேடுங்கள்.

கீஸர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பல பழைய வீடுகளில் அது கேஸில் ஓடும், பால்கனியில் மாட்டியிருக்கும். குளிருகிறது, துணி நனைகிறது என்று பால்கனி ஜன்னலை முழுக்க அடைத்துவிட்டு வெந்நீர் போட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். நிறமும் வாசனையும் இல்லாத விஷம். தைவானில் குளிர் அலை வரும்போதெல்லாம் இப்படி உயிர்ப்பலி நடக்கிறது. பால்கனி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

ஜன்னல் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இது நம் பழக்கத்துக்கு நேர் எதிரானது. வீடு ஈரமாக இருந்தால் காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறப்போம், இல்லையா? பிப்ரவரி, மார்ச்சில் சில நாள் திடீரென்று தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். அன்றைக்குத் தரை வியர்க்கும். சுவரிலும் முத்து முத்தாக நீர் கோக்கும். குழந்தை வழுக்கி விழும். காரணம் எளிது: வெளிக்காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 20 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பில் பட்டாலும் அது நீராகிவிடும். குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த உங்கள் டைல்ஸ் 17 டிகிரியில் இருக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே நீர் படிவது மாதிரிதான். அன்று ஜன்னலைத் திறந்தால் ஈரத்தை அழைத்து உள்ளே உட்கார வைத்த கதை. கேஸ் கீஸர் இருக்கும் பால்கனியின் ஜன்னலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சாத்திவிட்டு இயந்திரத்தை ஓட விடுங்கள். தரையை ஈரத் துணியால் துடைப்பதையும் ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள்.

சரி, பெட்டியில் என்ன எடுத்துப் போவது? கனமான கம்பளி ஸ்வெட்டர் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு காயவே காயாது. ஆளுக்கு இரண்டு ஜோடி தெர்மல் உள்ளாடை, காற்றும் தூறலும் புகாத ஒரு ஜாக்கெட், இவை போதும். மிச்சத்தை அங்கேயே வாங்கலாம். கோடையிலும் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஏசி விறைக்கும், மகளுக்கு ஒரு மெல்லிய மேல்சட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். பட்டுப் புடவைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஒன்றிரண்டு மட்டும் எடுத்துப் போங்கள். என் கல்யாண வேட்டியின் ஜரிகை முதல் குளிர்காலத்திலேயே கறுத்துப்போனது. லெதர் ஷூமேல் பச்சையாக ஒரு பூ பூத்திருந்தது. ஷூவுக்காவது பாலிஷ் இருக்கிறது. அலமாரிக்குள் வைக்கும் ஈரமுறிஞ்சி டப்பாக்கள் அங்கே எங்கும் கிடைக்கும். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. அது உறிஞ்சிச் சேர்த்த தண்ணீர் கவிழ்ந்தால் தோல் பொருள் வீண், அதனால் நிமிர்த்தி வையுங்கள். குழந்தைக்கும் எட்டக்கூடாது. நல்ல கேமரா இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதற்கென்றே மின்சாரப் பெட்டி விற்கிறார்கள். சான்றிதழ்களின் மூலப்பிரதிகள் இறுக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு.

இனி புயல். ஆகஸ்ட் கடைசியில் போய் இறங்குகிறீர்கள், சீசனின் நடுவில். ஆண்டுக்குச் சராசரியாக மூன்று நான்கு புயல்கள் தைவானைத் தாக்கும், பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள். 2024-இல் அக்டோபர் 31 அன்றுகூட கோங்ரே என்ற பெரிய புயல் கரையேறியது, எனவே தேதியை நம்ப வேண்டாம். மத்திய வானிலை நிர்வாகம் முதலில் கடலுக்கும், பிறகு நிலத்துக்கும் எச்சரிக்கை விடும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் விடுமுறையா என்பதை அந்தந்த நகர அரசு பெரும்பாலும் முந்தைய நாள் இரவே அறிவித்துவிடும். தைபேக்கு விடுமுறை, பக்கத்து மாவட்டத்துக்கு இல்லை என்றும் வரும். வீடு ஓர் ஊரிலும் ஆபீஸ் வேறு ஊரிலும் இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

கடலுக்கான எச்சரிக்கை வந்த உடனே பால்கனியைக் காலி செய்யுங்கள்: பூந்தொட்டி, துணிக்கொடி, குழந்தையின் சைக்கிள். அப்புறம் குனிந்து பால்கனி வடிகாலில் அடைத்திருக்கும் இலை, முடி, பிளாஸ்டிக்கை எடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று புலம்பியவர்களின் வீட்டில் நான் அதிகம் பார்த்தது இந்த அடைப்பைத்தான். புயல் பாவம், மழையை மட்டும்தான் கொண்டுவந்தது. ஜன்னலில் பெருக்கல் குறி போட்டு டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாது என்று நினைக்காதீர்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஜன்னலை விட்டுத் தள்ளிப் படுங்கள். குடத்திலும் வாளியிலும் தண்ணீர் பிடித்து வையுங்கள். 2015 ஆகஸ்டில் சௌடெலோர் புயலுக்குப் பிறகு தைபே குழாய்களில் சேற்று நிறத்தில் தண்ணீர் வந்தது. அதே புயலில் ஒரு பெயர்ப்பலகை விழுந்து இரண்டு தபால்பெட்டிகள் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்துகொண்டன. ஜனங்கள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள், தபால்துறையும் அவற்றை நிமிர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டது. லோங்ஜியாங் சாலைப் பக்கம் போனால் மகளுக்குக் காட்டுங்கள்.

வர்தா வந்த 2016 டிசம்பரில் சென்னையில் இருந்திருந்தால் நடுவில் வந்த அமைதி நினைவிருக்கும். காற்று நின்றதும் வெளியே போகாதீர்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும். புயல் போய் ஒரு வாரத்துக்கு மலைப்பாதைகளும் வேண்டாம். மண் ஊறிக் கிடக்கும். உங்கள் போன் திடீரென்று அலறி, சீன எழுத்தில் ஏதோ காட்டினால் படம்பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பாருங்கள். சில நாள் அது புயலாக இருக்காது, நிலநடுக்கமாக இருக்கும். வாளியில் பிடித்த தண்ணீரும் டார்ச்சும் அதற்கும் உதவும். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் எண் 119.