ஒரே பாட்டு ஏன் நான்கு முறை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜமைக்காவின் ரெகே பாடகர் யாபி யூவின் ‘ஜீசஸ் ட்ரெட் 1972-1977’ தொகுப்பை நண்பர் கேட்கச் சொன்னார். இரண்டு குறுந்தகடுகள். ஒரே பேஸும் (அடிக்குரல் கிட்டார்) தாளமும் மூன்று நான்கு தடவை திரும்ப வருகின்றன. சிலவற்றில் பாடகரே இல்லை. கரகரப்பு வேறு. இடத்தை நிரப்பப் பார்த்தார்களா?

ரா.

அன்புள்ள ரா.,

இல்லை. ஜமைக்காவில் பாட்டு வெளிவந்ததே அப்படித்தான். ஏழு அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் அதன் ‘வெர்ஷன்’, அதாவது குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்ட வடிவம். பிறகு அதே ரிதத்தின்மேல், அதாவது அதே பேஸ்-தாளப் பின்னணியின்மேல், ஒரு டீஜே பேசிப் பாடுவார், சாக்ஸபோன்காரர் வாசிப்பார். எல்லாம் தனித்தனித் தட்டுகள். மான்செஸ்டரின் ப்ளட் அண்ட் ஃபயர் நிறுவனம் 1997இல் அவற்றைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. தொகுப்பின் பெயர்கூட ட்ரினிட்டி என்ற டீஜேயின் பாட்டிலிருந்து வந்ததுதான்.

விவியன் ஜாக்சன் என்ற இயற்பெயர் கொண்ட யாபி யூ இளம்வயதிலேயே மூட்டுவாதத்தால் நடை தளர்ந்தவர். எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைக் கடவுளாக வணங்கும் ராஸ்தாக்கள் நடுவில் இருந்துகொண்டே, அவர் கடவுள் அல்ல, கிறிஸ்துதான் என்றவர். ‘ஜீசஸ் ட்ரெட்’ என்ற பட்டம் அதனால் ஒட்டியது. தானே தயாரித்து, குறைந்த பிரதிகளாக, வெவ்வேறு பெயர்களில் வெளியிட்டார். ரிதங்களை வெய்ன் வேட், மைக்கேல் ப்ராஃபெட் போன்ற இளைஞர்களுக்கும் கொடுத்தார். தயாரிப்பாளர் என்ற பெயருக்குப் பின்னால் அவர் பாடகர் என்பது மறைந்துபோனது. அந்த நடுங்கும் குரலும் சோகமான மைனர் சுரங்களும் எல்லோருக்கும் பிடிப்பவையும் அல்ல.

கேட்கும் முறை: பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ‘கான்கரிங் லயன்’ பாட்டின் பேஸ் வரி வாயில் முணுமுணுக்க வரும்வரை அதையே ஓடவிட்டு, பிறகு டப் வடிவத்துக்கு, அதாவது குரலையும் கருவிகளையும் எடுத்தும் சேர்த்தும் எதிரொலி கூட்டியும் மறுகலவை செய்ததற்கு, போங்கள். ஒலிக்கலவைப் பொறியாளர் கிங் டப்பி பேஸை உருவும்போதும் உங்கள் காது அதைத் தொடர்ந்து வாசிக்கும். டப்பின் சுவையே அதில்தான். ஹை-ஹாட் (டிரம்மின் ஜோடித் தாளத்தட்டு) சீறிக்கொண்டு மெலிந்து மேலே ஏறுகிறதே, அது கீழொலிகளை வெட்டும் அவருடைய ஹை-பாஸ் ஃபில்டர். எதற்குக் கீழே வெட்டுவது என்பதை 70 ஹெர்ட்ஸிலிருந்து 7,500 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாகத் திருகலாம். போன் ஸ்பீக்கரில் கேட்டால் இந்த விளையாட்டு தெரியாது: பேஸின் அடிச்சுரங்கள் 40 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன, அதில் அவை வரவே வராது. காதை மூடும் ஹெட்போன் போதும். ‘பேஸ் பூஸ்ட்’ வேண்டாம். பேஸ் வீங்கி டிரம்மை விழுங்கிவிடும்.

கரகரப்புக்கு வருகிறேன். அக்காலத்து ஜமைக்காப் பாட்டுகள் பலவற்றுக்கு மாஸ்டர் டேப் (மூல ஒலிநாடா) மிஞ்சவில்லை. பழைய தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். தட்டின் துளை மையம் விலகியிருந்தால் சுருதி அலையும். 45 சுற்று வேகத்தில் 1.33 நொடிக்கு ஒருமுறை. நீண்ட ஹார்ன் சுரங்களில் கவனியுங்கள். இரைச்சலை ஒரேயடியாகத் துடைத்தால் ஹை-ஹாட்டும் எதிரொலியின் வாலும் சேர்ந்து போய்விடும். எனக்குக் கரகரப்பே மேல்.

இது பிடிபட்டபின் 1976இன் ‘கிங் டப்பீஸ் ப்ராஃபஸி ஆஃப் டப்’ கேளுங்கள். அதிலிருந்து தொடங்கினால், மூலப் பாட்டுகள் தெரியாமல் வெறும் எதிரொலிதான் கேட்கும்.