சாட்சி சொல்ல என்ன தடை? – வாசகர் கேள்வி பதில்

'உங்கள் விசுவாசத்தைப் பிறரிடம் சொல்லவிடாமல் தடுப்பது எது?' என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். எதிர்ப்புக்குப் பயம் என்று எழுதியவர்களைவிட, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியவர்களே அதிகம். வந்த கேள்விகளில் சில இங்கே.

நான் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவன். குடி, சூது என்று எந்தப் பழக்கமும் இருந்ததில்லை. சபையில் சாட்சி சொல்கிறவர்களைப்போல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லையே?
– வாசகர், நாகர்கோவில்

தீமோத்தேயுவிடமும் அப்படி ஒன்றும் இல்லை. பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாக வந்த விசுவாசம் என்றுதான் பவுல் அவருக்கு எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:5). கெட்டுப்போய்த் திருந்தினால்தான் சாட்சி என்ற எண்ணம் கன்வென்ஷன் மேடைகளிலிருந்து வந்தது, வேதத்திலிருந்து அல்ல.

ஒரு தாள் எடுத்து எழுதுங்கள். அகிரிப்பா ராஜாவின்முன் பவுல் பேசியதை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள் (அப்போஸ்தலர் 26). 4 முதல் 11 வரை பழைய வாழ்க்கை, 12 முதல் 18 வரை கிறிஸ்துவைச் சந்தித்தது, 19 முதல் 23 வரை அதன்பின் நடந்தது. உங்களுக்கும் இந்த மூன்று பகுதி போதும். மொத்தம் 300 சொல்லுக்குள் முடியுங்கள். வாய்விட்டுச் சொன்னால் சுமார் மூன்று நிமிடம் வரும். உங்கள் விஷயத்தில் நடுப்பகுதிக்கு ஒரு குறிப்பிட்ட தேதி வேண்டியதில்லை. வீட்டில் கேட்டு வளர்ந்தது எந்த விஷயத்தில் உங்கள் சொந்த விசுவாசம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஆபரேஷனுக்கு முந்தின இரவாக இருக்கலாம், ஒருவரை மன்னிக்க முடியாமல் தவித்த காலமாக இருக்கலாம்.

எழுதும்போது பெரும்பாலும் கெடுவது மொழிதான். 'நான் பாவச் சேற்றில் கிடந்தேன், கர்த்தர் என்னைத் தொட்டார், இரத்தத்தால் கழுவப்பட்டு இரட்சிக்கப்பட்டேன்' என்றால் சபைக்குள் எல்லாருக்கும் புரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியாது. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தது. சிலுவையில் அறைந்தவர்களை இயேசு மன்னித்தார் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு நாள் அது என்னைப் பார்த்தே சொன்னதாகப் பட்டது. கடவுள் எனக்குத் தள்ளுபடி பண்ணின கடன் அவ்வளவு பெரிது என்று புரிந்தபிறகு, அண்ணனிடம் வசூல் பண்ண எனக்கு ஒன்றும் இல்லை. நானே போய்க் கதவைத் தட்டினேன்.' இதில் சபைக்கு மட்டும் தெரிந்த சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் சுவிசேஷம் இருக்கிறது.

உங்கள் கதையோடு நிறுத்திவிடவும் கூடாது. மனம் மாறிய அனுபவம் எல்லா மதத்தாரிடமும் உண்டு. கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் (1 கொரிந்தியர் 15:3, 4) என்பதை நாலு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6 சதவீதம்தான். உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 47 சதவீதம். படிப்பு, கடை, கல்யாணம், சாவு எல்லாம் நமக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு நெருங்கிய பிற சமய நண்பர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், தாளில் எழுதியது தாளிலேயே இருக்கும்.

அலுவலகத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது சட்டப்படி தப்பா? வாட்ஸ்அப்பில் தினமும் வசனம் அனுப்புகிறேன், ஒருவரும் பதில் போடுவதில்லை.
– வாசகி, சோழிங்கநல்லூர்

தப்பில்லை. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. ஆனால் 1977-இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: நம்பிக்கையை எடுத்துச் சொல்வது உரிமை, இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை அல்ல. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு. உத்தரப் பிரதேசச் சட்டத்தில் பரிசு, வேலை, இலவசக் கல்வி எல்லாம் 'ஆசைகாட்டுதல்' கணக்கில் வரும். அங்கே மாற்றலாகிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அலுவலகத்துக்குள் சட்டத்தைவிட கம்பெனி விதிதான் முந்தி நிற்கும். கம்பெனி மெயில், டீம் குரூப் இரண்டிலும் மத விஷயம் போடாதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் நீங்களாகப் பேச்சை எடுக்கவே வேண்டாம். அவருடைய அப்ரைசல் உங்கள் கையில் இருக்கும்போது அவர் 'ஆமாம்' என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

வாட்ஸ்அப் வசனத்தை இன்றே நிறுத்துங்கள். மொத்தமாக எல்லாருக்கும் அனுப்பியதுதான் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். நாலாம் நாள் மியூட் பண்ணிவிடுவார். உங்கள் டீமில் ஒருவரின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 'நான் வேண்டிக்கொள்ளட்டுமா?' என்று கேளுங்கள். அநேகமாக மறுக்கமாட்டார்கள். முப்பது வினாடி, அமைதியான குரல், நோயாளியின் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம். 'நிச்சயம் சுகமாகும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்வது பெரும் பாவம். காசநோய்க்காரர் ஆறு மாத மாத்திரையை நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோய் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதன்பின் அந்தக் குடும்பத்தில் இயேசுவின் பெயரை யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

'உங்கள் சபையிலும் சாதி இருக்கிறதே' என்று நண்பர் கேட்டார். வாயடைத்துப் போனேன். என்ன பதில் சொல்வது?
– வாசகர், மதுரை

இந்த மாதம் வந்தவற்றில் இதுதான் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவர்களின் சாட்சிக்கு வெளியே இருக்கிற எந்த எதிர்ப்பையும்விட இதுவே பெரிய தடை.

சமாளிக்காதீர்கள். 'அது கத்தோலிக்கர்கள்', 'அது பழைய சபைகள்', 'எங்கள் சபையில் கிடையாது' என்பவை நண்பர் ஏற்கெனவே கேட்டுச் சலித்த பதில்கள். அவருக்கு விவரமும் தெரிந்திருக்கும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றிப் படித்திருப்பார். 2008-இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் ஒரே கத்தோலிக்கப் பங்கின் கிறிஸ்தவர்களுக்குள் மூண்ட சாதி மோதல் துப்பாக்கிச் சூடு வரை போனது செய்தித்தாளில் வந்ததுதான். நம் புராட்டஸ்டன்ட் சபைகளும் சுத்தமில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டுப் போனவர்கள் பலர்.

ஆகவே முதல் வாக்கியம், 'ஆமாம், இருக்கிறது. அது பாவம்' என்பதாக இருக்கட்டும். இரண்டாவதாக, கிறிஸ்து பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்தார் என்று எபேசியர் 2:14 சொல்வதையும், அதற்கு நாங்கள் கீழ்ப்படியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மூன்றாவதாக நண்பர் கேட்கப்போவது உங்களைப் பற்றி. அதற்குமுன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்த மணமகன் தேவை விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன போட்டீர்கள்? சேரியிலிருந்து ஆராதனைக்கு வருகிறவர் வீட்டில் எப்போதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா? போதகர் மாற்றலாகி வரும்போது அவர் எந்தச் சாதி என்று விசாரிக்கிற கூட்டத்தில் நீங்களும் உண்டா? இவற்றைச் சரிசெய்யாமல் நண்பருக்குச் சொல்லும் பதில் நிற்காது.

'எங்களிடம் வாருங்கள், சாதியே இல்லை' என்று தலித் நண்பரிடம் சொல்வது இன்னும் மோசம். ஞானஸ்நானம் எடுப்பதால் வரும் இழப்பை அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கு மட்டுமே பட்டியல் சாதி உரிமை. கிறிஸ்தவராகும் ஆதிதிராவிடர், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். 'சர்டிபிகேட்டில் இந்து என்றே இருக்கட்டும்' என்று காதோடு சொல்லும் ஊழியர்கள் உண்டு. 2024 நவம்பரில் அப்படிப்பட்ட ஒரு வழக்கில், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சத்தியத்தைச் சொல்ல வந்தவர்கள் பொய்யை முதல் பாடமாகக் கற்றுக்கொடுக்கக் கூடாது.

கல்யாணத்துக்குப் பின் விசுவாசத்துக்கு வந்தேன். மாமியார் கோயில் பிரசாதம் கொடுக்கும்போதெல்லாம் சண்டை. இதில் எங்கே சாட்சி சொல்வது?
– பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்

சண்டை பிரசாதத்தால் அல்ல, நேரத்தால் வருகிறது. கையில் தட்டோடு, நாலு பேர் முன்னால் நிற்கும்போது மறுத்தால், அவருக்கு அது அவமானமாகவே படும். மதியம் ஓய்வாக இருவரும் தனியாக இருக்கும்போது ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள்: 'அத்தை, உங்க மேல எனக்கு மரியாதை துளியும் குறையல. சாமிக்குப் படைச்சதை மட்டும் என்னால சாப்பிட முடியல, கோவிச்சுக்காதீங்க. மத்த வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன்.' சொன்னபடி செய்யுங்கள். பொங்கலுக்கு வீடு கழுவுவது, சமைப்பது, உறவினருக்குப் பரிமாறுவது எதிலும் பின்வாங்காதீர்கள். 1 கொரிந்தியர் 10:27, 28 இதற்கு நல்ல அளவுகோல்: வீட்டில் வைக்கிற சாப்பாட்டை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம்; படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் விலகுங்கள்.

அவர் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு சொல்கூடத் தாழ்வாகப் பேசாதீர்கள். 'பிசாசு' என்ற வார்த்தை அந்த வீட்டில் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. 1 பேதுரு 3:1 மனைவிகளுக்குச் சொல்வது போதனையின்றி நடக்கையினாலே ஆதாயப்படுத்துவதைத்தான். வருஷங்கள் ஆகலாம். அதுவரை மனம்விட்டுப் பேச, உங்களைப் போலவே தனியாக விசுவாசத்துக்கு வந்த ஒரு சகோதரியைத் தேடிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலவர்கள் நன்கு படித்த சைவர்கள். அவர்களோடு கதைக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகர், சுன்னாகம்

பயம் நியாயமானதுதான். ஆறுமுக நாவலர் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அந்த அறிவோடுதான், சைவத்தைத் தாக்கிய மிஷனரிகளுக்குப் பதிலாக 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். உங்கள் ஊரில் வேதாகமம் தெரிந்த சைவர் புதிதல்ல. சைவம் தெரிந்த கிறிஸ்தவர்தான் குறைவு.

தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதி அவர்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்டு, வந்த பதில்களை மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நீங்களும் கேள்வியில் தொடங்குங்கள். 'திருவாசகத்தில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, ஏன்?' என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். சைவ சித்தாந்தம் சொல்லும் பதி, பசு, பாசம் என்றால் என்னவென்று அவரிடமே பாடம் கேளுங்கள். தெரியாததைக் கேட்டால், 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமை மறக்காமல் பதிலோடு போங்கள்.

வாலிபர் கூட்டம் சார்பில் தெருவில் ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கிக்கலாமா? விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் தெருப்பிள்ளைகளை அழைக்கலாமா?
– வாசகர், திருச்சி

ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் சேர்க்காதீர்கள், என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்பதையும் படிவத்திலேயே எழுதுங்கள். பிற மதத்தைப் புண்படுத்தும் பேச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 299-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

நண்பர் வேதாகமம் படிக்கக் கேட்கிறார். எங்கே தொடங்கச் சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

ஆதியாகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்தில் நின்றுவிடுவார். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். தனிப் பிரதியாகக் கிடைக்கும், இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு. நாம் பழகிய பழைய மொழிபெயர்ப்பு 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். புதியவருக்கு 1995-இல் வந்த திருவிவிலியம் எளிது. வாரம் இரண்டு அதிகாரம், எட்டு வாரம். ஒவ்வொரு முறையும் இதையே கேளுங்கள்: இதில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? எது புரியவில்லை? எது உறுத்துகிறது? நீங்கள் விளக்குவதைக் குறைத்து அவர் சொல்வதைக் கேளுங்கள். 5-ஆம் அதிகாரத்தில் பன்றிகள் கடலில் பாய்வதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார், முன்னதாகவே படித்துவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் போதும் என்றால் விட்டுவிடுங்கள், வழக்கம்போல அவர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருங்கள்.