பின்னூட்டமும் வக்கீல் நோட்டீஸும் – கடிதம்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் கிள்ளானில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய தமிழ்ச் செய்தித் தளம் நடத்துகிறோம். வேர்ட்பிரஸ் மென்பொருளில்தான் தளம் ஓடுகிறது. ஒரு கோயில் நிர்வாகத்தின் கணக்கு வழக்கு பற்றிச் செய்தி போட்டோம். அதன் கீழே யாரோ புனைபெயரில் வந்து, நிர்வாகி ஒருவரைத் திருடன் என்று எழுதிவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் எங்கள் கண்ணில் பட்டது. உடனே எடுத்துவிட்டோம். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் மன்னிப்பு, நஷ்டஈடு, எழுதியவரின் விவரம் மூன்றும் வேண்டுமாம். எழுதியது நாங்கள் இல்லையே? அவருடைய மின்னஞ்சலையும் ஐபி எண்ணையும் கொடுத்துவிட்டால் எங்களை விட்டுவிடுவார்களா? பின்னூட்டத்தையே மூடிவிடலாம் என்கிறார் நண்பர். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்
கிள்ளான்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுத்தாலும் விடமாட்டார்கள். பயத்தில் பலரும் முதலில் செய்வது இதைத்தான் என்பதால் இதையே முதலில் சொல்கிறேன்.

உங்கள் நாட்டிலேயே இதற்கு முன்கதை உண்டு. 2003 ஜனவரி 20 அன்று மலேசியாகினி என்ற இணையச் செய்தித் தளத்தின் அலுவலகத்துக்குள் போலீஸ் நுழைந்து 4 சர்வர்களையும் 15 கணினிகளையும் அள்ளிச் சென்றது. புனைபெயரில் வெளிவந்த ஒரு வாசகர் கடிதம்தான் காரணம். அது தேச நிந்தனை என்று அன்றைய ஆளும் கட்சியான அம்னோவின் இளைஞர் பிரிவு புகார் கொடுத்திருந்தது. எழுதியவர் யார் என்று கேட்டார்கள், மலேசியாகினி சொல்ல மறுத்தது. அன்றைக்கு வழக்கு நகர அந்தப் பெயர் தேவைப்பட்டது. இன்று தேவையில்லை. அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால்தான் நோட்டீஸுக்கு என்ன பதில் என்பது விளங்கும்.

1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 2012 ஜூலை 31 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வெளியீட்டில் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர், துணையாசிரியர் என்று யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ இருக்கிறதோ, அதை வெளியிட யார் வசதி செய்து கொடுத்தாரோ, அவரே வெளியிட்டவர் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஆகவே ‘எழுதியது நாங்கள் இல்லை’ என்ற உங்கள் வாதம் சட்டத்தின் கண்ணில் முடிவு அல்ல, நீங்கள் ஆதாரம் காட்டி மெய்ப்பிக்க வேண்டிய ஒரு கூற்று மட்டுமே.

அந்தச் சுமை எவ்வளவு கனமானது என்று 2020-இல் தெரிந்தது. நீதிமன்றங்கள் ஜூலை 1 முதல் முழுமையாக இயங்கும் என்ற சாதாரணச் செய்தி அது. ஜூன் 9 அன்று மலேசியாகினியில் வெளிவந்தது. அதன் கீழே நீதித்துறையைத் தாக்கி ஐந்து பின்னூட்டங்கள், எல்லாம் சந்தாதாரர்கள் எழுதியவை. ஜூன் 12 அன்று போலீஸ் அழைத்துச் சொன்ன 12 நிமிடத்தில் நீக்கினார்கள். ஆனாலும் சட்டத்துறைத் தலைவர் நேராகக் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுத்தார். நாட்டின் கடைசி நீதிமன்றமே முதல் நீதிமன்றமும் ஆனதால் மேல்முறையீட்டுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

தளத்தில் கெட்ட வார்த்தைகளைத் தடுக்கும் மென்பொருள் இருந்தது. வாசகர் புகார் செய்தால் ஆசிரியர் குழு பார்க்கும் ஏற்பாடும் இருந்தது. போதாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. இத்தனை ஒழுங்கான ஆசிரியர் குழு இருக்கும்போது பின்னூட்டத்தை அறிந்திருப்பார்கள் என்றே ஊகிக்கலாம் என்றது. 2021 பிப்ரவரி 19 அன்று ஆறு நீதிபதிகள் ஒருபக்கம் நின்று நிறுவனத்தைக் குற்றவாளி என்றார்கள். அறிந்தே வெளியிட்டதாக நிரூபணம் இல்லை, தெரிந்ததும் நீக்கிவிட்டார்கள் என்று தனித்து எழுதியவர் ஏழாவது நீதிபதி நளினி பத்மநாதன். என் மனம் அவர் பக்கம்தான். வாசகர் எழுதும் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்றால் பெரிய பத்திரிகையாலும் முடியாது. அரசுத் தரப்பு கேட்ட அபராதம் 2 லட்சம் ரிங்கிட், நீதிமன்றம் விதித்தது 5 லட்சம். வாசகர்கள் சுமார் ஐந்து மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். நெஞ்சை நிறைக்கும் விஷயம்தான், ஆனால் அது இருபது வருடம் சம்பாதித்த நம்பிக்கை. மூன்று பேர் நடத்தும் தளம் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

அந்த வழக்கில் தலைமை ஆசிரியர் ஸ்டீவன் கானை விடுவித்தார்கள், தண்டனை நிறுவனத்துக்கு மட்டும். உங்கள் தளம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக, இல்லாமல் ஒருவர் பெயரில் எண்டர்பிரைஸ் என்ற தனிநபர் தொழிலாக இருந்தால் நஷ்டஈடு அவருடைய வீட்டையும் சேமிப்பையும் தேடி வரும். இந்த வழக்குக்கு இனி மாற்ற முடியாது, அடுத்ததற்கு மாற்றலாம்.

இப்போது அவசரமான காரியம். ‘எடுத்துவிட்டோம்’ என்கிறீர்களே, எப்படி எடுத்தீர்கள்? வேர்ட்பிரஸில் குப்பைத் தொட்டிக்கு அனுப்பியிருந்தால் 30 நாளில் அது தானாகவே நிரந்தரமாக அழிந்துவிடும். நோட்டீஸ் வந்த பிறகு அழிந்தால் ஆதாரத்தை அழித்தார்கள் என்ற பழி உங்கள் மேல் விழும். இன்றே மீட்டு, அனுமதிக்காத நிலையில் வையுங்கள். வாசகருக்குத் தெரியாது, பதிவு மட்டும் இருக்கும். அந்தப் பக்கம், பின்னூட்டம் வந்த நேரம், நீக்கிய நேரம், யார் நீக்கினார் என்பதையெல்லாம் படம் பிடித்துத் தரவுத்தளத்தோடு சேர்த்து நகலெடுங்கள்.

அடுத்து உங்கள் மின்னஞ்சல் பெட்டி. புதுப் பின்னூட்டம் வந்தால் வேர்ட்பிரஸ் தானே மடல் அனுப்பும், நீங்கள் நிறுத்தாத வரை. இந்தப் பின்னூட்டத்துக்கும் மடல் வந்து அதை யாராவது திறந்திருந்தால் ‘இரண்டு நாள் தெரியாது’ என்ற உங்கள் வாதம் அங்கேயே உடையும். எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும் முன் உங்கள் வக்கீலுக்கு அது தெரிய வேண்டும். மூவரும் அந்த இரண்டு நாளில் என்ன செய்தீர்கள் என்று தனித்தனியே எழுதி வையுங்கள். அறியவில்லை என்பதை ஒருவர் எல்லோருக்குமாகச் சொன்னால் நிற்காது. பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரும் தன் பெயரில் சத்தியப் பிரமாணம் தர வேண்டியிருக்கும்.

நோட்டீஸ் அனுப்பியவரோடு வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள். ‘எல்லாப் பின்னூட்டத்தையும் பார்த்துத்தான் விடுவோம்’ என்று பெருமைக்குச் சொல்லும் ஒரு வாக்கியம் போதும், வழக்கு முடிந்தது. வருத்தம் தெரிவிக்கலாம், நீக்கியதையும் சொல்லலாம். அது நஷ்டஈட்டைக் குறைக்க உதவும். ஆனால் வாசகங்களை வக்கீல் எழுதட்டும். உங்கள் செய்திக்காக மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள். கணக்குச் செய்தி வேறு, பின்னூட்டம் வேறு. நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் அனுப்புவார்கள்.

எழுதியவரின் விவரத்துக்கு வருவோம். நோட்டீஸ் என்பது ஒரு வக்கீலின் கடிதம், நீதிமன்ற ஆணை அல்ல. விவரம் வேண்டுமென்றால் அவர்கள் நீதிமன்றத்தில் ஆணை கேட்கலாம், அங்கே நீங்கள் மறுப்பும் சொல்லலாம். ஆணை வரும்வரை கொடுக்காதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். அவர் உண்மையிலேயே கோயிலுக்குள் வேலை பார்ப்பவராக இருந்தால் ஒரு ஐபி எண் அவர் பிழைப்பைக் கெடுத்துவிடும், உங்களுக்கோ ஒரு சென்கூட மிச்சமாகாது. 114ஏ-யின்படி அவரோடு சேர்ந்து நீங்களும் நிற்பீர்கள்.

எங்கும் இப்படித்தானா என்றால், எஸ்தோனியாவின் டெல்ஃபி என்ற செய்தித் தளத்தின் வழக்கையும் பாருங்கள். அங்கும் புகார் வந்த அன்றே நீக்கினார்கள், அங்கும் தோற்றார்கள். நஷ்டஈடு வெறும் 320 யூரோ. ஆனால் 2006-இல் வந்த பின்னூட்டங்களுக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2015-இல்தான் வந்தது. அந்த ஒன்பது வருட வக்கீல் செலவைத் தாங்குகிற வலு உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சமரசமா வழக்கா என்று முடிவெடுக்க வேண்டும். ஜெயித்தாலும் செலவில் ஒரு பகுதிதான் திரும்பும்.

மூடச் சொல்லும் நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோயில் கணக்கை உள்ளே இருந்து பார்த்தவர் பெயரோடு வந்து பேச மாட்டார், பெயரில்லாமல்தான் பேசுவார். அந்த வாசலை அடைத்தால் உங்கள் தளத்துக்குச் செய்தி வரும் வழியும் அடைபடும். ஒவ்வொரு பின்னூட்டத்தையும் கையால் அனுமதிக்கும்படி அமைப்பை மாற்றுங்கள். படித்து அனுமதித்ததற்கு முழுப் பொறுப்பு உங்களுடையதாகும், உண்மைதான். ஆனால் படிக்காததற்கும் பொறுப்பு உங்களுடையதே என்று 2021-லேயே சொல்லிவிட்டார்கள். இனம், மத நம்பிக்கை, அரச குடும்பம், நீதிமன்றம் தொட்ட செய்திகளில் மட்டும் பின்னூட்டத்தை மூடி வையுங்கள். மற்றவற்றில் 14 நாளில் தானாக மூடிக்கொள்ளும்படி வையுங்கள். ஐபி எண்ணை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று இந்த வழக்கு முடிந்ததும் ஒரு விதி எழுதித் தளத்திலேயே போடுங்கள். அதற்கு முன்னால் ஒன்றையும் தொடாதீர்கள்.