கிளிஃபோர்ட் பிரவுன் வேறு இயக்குநரா?

டிவிடி அட்டையில் ஜெஸ் ஃபிராங்கோ என்றும், படத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இயக்குநர் கிளிஃபோர்ட் பிரவுன் என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். வேறு ஆள் இல்லை, இருவரும் ஒருவரே.

ஃபிராங்கோ 1930இல் மாட்ரிட்டில் பிறந்த ஸ்பானிய இயக்குநர். சில ஆண்டுகளில் எட்டு, பத்துப் படம்கூட எடுத்துத் தள்ளினார். எல்லாவற்றிலும் ஒரே பெயர் வந்தால் விநியோகஸ்தருக்கு அலுக்காதா? ஜாஸ் பைத்தியம் வேறு. 1956இல் இறந்த ஜாஸ் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனின் பெயரையே எடுத்து ஒட்டிக்கொண்டார்.

சந்தேகமிருந்தால் நடிகர் பட்டியலில் அவர் படங்களில் அடிக்கடி வரும் லினா ரோமே, ஹோவர்ட் வெர்னன் இருக்கிறார்களா பாருங்கள். அப்புறம் அந்த ஜூம்! காட்சி நடுவே காரணமே இல்லாமல் போய், ஃபோகஸ் தவறித் திரும்பி வரும்.

ஆனால் பிரதிக்குப் பிரதி நீளம் மாறினால், எல்லாக் காட்சியும் அவருடையது என்று நம்ப வேண்டாம். 1971இல் அவர் எடுத்த ஒரு படத்தில், பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரோலின் எடுத்த ஜோம்பிக் காட்சிகளைச் செருகி விற்றார்கள்.